கேத்தரின் திருநாளும் வாசலில் நின்ற அப்பாவும்

டெட்டால் வாசனையும் சம்பங்கி வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? கரையான்சாவடிக்குப் பக்கத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஏப்ரல் 29-ம் தேதி காலையில் அப்படித்தான் மணக்கும்.

என் முதல் வேலை அங்கேதான். வயது இருபத்திரண்டு. ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

அன்றைக்கு சியன்னா ஊர் கேத்தரின் திருநாள். ஏறக்குறைய அறுநூற்றைம்பது வருடம் முன்னால் இத்தாலியில் வாழ்ந்த அம்மா. ஜெபத்தில் இயேசுவை நேருக்கு நேர் பார்த்துப் பேசியவர் என்று சொல்வார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டதால் நர்ஸுகளுக்கும் பாதுகாவலி. சேப்பலில் வெள்ளை உடுப்பு, கறுப்புப் போர்வையோடு அவர் படம் ஒன்று இருக்கும். காலையில் பூசை, அப்புறம் ஒரு நர்ஸ் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று அவர் கதையைப் படிக்க வேண்டும். பிறகு எல்லோருக்கும் கேசரி.

அந்த வருடம் திருநாளுக்கு ஒரு வாரம் முன்னால் சிஸ்டர் ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"உன் குரல் நல்லாருக்கு. நீ படி."

நாங்கள் ப்ராட்டஸ்டன்ட். புனிதர் படம் வைத்துக் கொண்டாடுவதெல்லாம் எங்களிடம் கிடையாது. அப்பா எங்கள் சபைக் கமிட்டியில் வேறு இருந்தார். வீட்டில் சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது.

"படத்துக்குப் பக்கத்துல நின்னு படிப்பியா? நாளைக்கு சபையில என்னை இன்னான்னு கேப்பாங்க?"

மறுநாள் சிஸ்டரிடம் முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை.

"சரிம்மா. வேற ஆளப் பாக்குறேன். தாள மட்டும் ராத்திரிக்குள்ள குடுத்துடு."

திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் சும்மா படித்துப் பார்த்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

மார்பில் புண் வந்த ஒரு பெண்ணை கேத்தரின் கவனித்துக்கொண்டிருக்கிறார். நாற்றம் தாங்காமல் மற்றவர்கள் யாரும் கிட்டே போவதில்லை. அந்தப் பெண்ணோ இவரைப் பற்றியே ஊரெல்லாம் கேவலமாகப் பேசுகிறாள். இவர் அழுகிறார். ஆனால் மறுநாளும் போய்ப் புண்ணைக் கழுவுகிறார்.

எனக்கும் ஒருத்தி இருந்தாள்... ஆறாம் பெட். பாரிவாக்கத்து அம்மா. அதே புண்.

"கையா அது, கடப்பாறையா? மெதுவா புடி!" என்று தினமும் கத்துவாள். முந்தின வாரம் டாக்டரிடமே, "இந்தப் பொண்ணு சுத்தமா கட்றதில்ல சார், எப்பப் பாரு அரட்டையிலயே கீது" என்று சொல்லிவிட்டாள். எல்லோர் முன்னாலும் டாக்டரிடம் திட்டு வாங்கினேன். அன்றிலிருந்து ஆறாம் பெட் டிரெஸ்ஸிங்கை வேறொரு நர்ஸின் தலையில் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

தாளை மடித்து யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, டிரெஸ்ஸிங் ட்ரேயை எடுத்தேன்.

அன்றைக்கும் திட்டினாள். மாஸ்க்குக்குள் எனக்குக் குமட்டியது. பொறுமையாகக் கட்டி முடித்தேன். தாளில் இருந்த பெண் கடைசியில் மன்னிப்புக் கேட்கிறாள். ஆறாம் பெட் கேட்கவில்லை.

"உன் பேர் இன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

டூட்டி முடிந்ததும் சிஸ்டரிடம் நானே படிக்கிறேன் என்று சொன்னேன். அன்று வீட்டுக்குப் போனதும், "நான் படிக்கப்போறேன்பா" என்றேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குமுன் அப்படி இருந்ததே இல்லை.

திருநாளன்று படத்துக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டாவது பத்தியில் நிமிர்ந்து பார்த்தால்... சேப்பல் வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் அப்பா! வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

சிஸ்டர் ஸ்டெல்லா மெதுவாக வெளியே போய், "உள்ள வாங்கய்யா" என்றார்.

"பரவால்ல சிஸ்டர். இங்கயே நல்லா காத்து வருது."

ஏப்ரல் கடைசியில், பூந்தமல்லியில், காற்று!

கடைசிவரைக்கும் உள்ளே வரவில்லை. கடைசிவரைக்கும் போகவும் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் திருவேற்காடு தாண்டியதும் அப்பா மெல்லக் கேட்டார்.

"அந்தம்மா நெசமாவே போப்பாண்டவருக்கு லெட்டர் போட்டுச்சா?"

"ஆமாப்பா. நெறைய. எழுதத் தெரியாது, சொல்லச் சொல்ல வேற யாரோ எழுதுவாங்களாம். அப்போ போப் பிரான்ஸ்ல இருந்தாராம். நீ இருக்க வேண்டிய எடம் ரோம், பயப்படாம திரும்பிப் போன்னு..."

"போப்பையேவா?"

"ஆமா. 'அப்பா'ன்னு பாசமா கூப்ட்டுக்கினே திட்டியிருக்காங்க."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

"அப்போ நம்ம ஊட்லயும் ஒண்ணு கீதுன்னு சொல்லு."

அடுத்த ஞாயிறு சபையில் யாரோ கேட்டதற்கு, "ஆமாய்யா, எம் பொண்ணுதான் படிச்சா. நானே போய்க் கேட்டேன்" என்று சத்தமாகவே சொன்னார்.

அப்பா இறந்து எட்டு வருடம் ஆகிறது. நான் இப்போது அம்பத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ். பூந்தமல்லி பக்கம் போனால் மெட்ரோ தூண்களுக்கு நடுவே அந்தப் பழைய ஆஸ்பத்திரி கேட்டைத் தேட வேண்டியிருக்கிறது.

இந்த வருடம் எங்கள் ஆவடி சபையிலேயே கேத்தரின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். படம் இல்லை, பூ இல்லை. புதிதாக வந்திருக்கும் பாஸ்டரம்மா பெண்கள் ஐக்கியக் கூட்ட அறிவிப்புக்கும் ஒரு கல்யாண அறிவிப்புக்கும் நடுவில் அவரை நினைவுகூர்ந்துவிட்டு, "சபையில இருக்கிற நர்ஸுங்க எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றார். நின்றோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்த விஷயம்... இன்றைக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. நல்லதுதான். ஆனாலும் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது.

பக்கத்தில் நின்ற சின்ன வயது நர்ஸ் என் காதருகே குனிந்தாள்.

"யாரு ஆன்ட்டி அந்த கேத்தரின்?"

ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. நீளமாகச் சொல்ல நேரமில்லை.

"எங்கப்பாவுக்கு ரொம்பப் புடிச்சவங்க" என்றேன்.