ஆள் நிறுக்கிற நாள்

இங்கே மாதம் ஒருமுறை ஆளை நிறுக்கிறார்கள். அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள். நமக்குக் கொழுந்து நிறுத்துத்தானே பழக்கம். மதுரைக்கு மேற்கே, பரவை தாண்டி ஒரு முதியோர் இல்லம். அதில் எனக்கு அடுப்படி வேலை. என்னோடு சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்களில் பலர் கல் உடைக்கிறார்கள். நான் சோறு பொங்குகிறேன். டாக்டரம்மா சொல்கிறபடிதான் பொங்க வேண்டும். உப்பு கம்மி, சோறு குழைவாக, தினம் பருப்பும் கீரையும். கிழக்கு வரிசைக்கு நான் பரிமாறுவேன். மேற்கு வரிசைக்குப் பாண்டியம்மா, சமயநல்லூர்க்காரி.

ஒரே பானை. ஒரே அளவுக் கரண்டி. ஆனாலும் மூன்று மாதமாக என் வரிசை ஆட்கள் இளைத்தார்கள். அவள் வரிசையில் எடை ஏறியது.

"என்ன சிலோனு, ஒன் ஆளுக காத்தடிச்சாப் பறந்துருவாக போலயே?" என்றாள் பாண்டியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அடுத்த நிறுவையிலும் எடை இறங்கினால் என்னைப் பாத்திரம் விளக்கப் போட்டுவிடுவேன் என்றார்.

பாண்டியம்மா ஒளித்து நெய் விடுகிறாள் என்று நினைத்தேன். அவள் சட்டியை மோந்துகூடப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவளுக்கு ஊர் இருந்தது. கிழவர்களைச் சித்தப்பா, மாமா என்பாள். கேட்டுப்பார்த்தால் ஏதாவது ஒரு வழியில் சொந்தமாகவும் இருப்பார்கள். எனக்குப் பேர்கூட இல்லை. சிலோனு.

தோட்டத்தில் நான் பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். அளந்து தருகிற கூப்பன் அரிசிதான். ஒவ்வொரு பிள்ளையையும் "போதுமா?" என்று கேட்டுத்தான் நகர்வேன். போதாது என்ற பிள்ளைக்கு என் பங்கிலிருந்து போடுவேன். அப்படிக் கேட்பதுதான் அங்கே பாசம்.

என் வரிசையில் ரொம்ப இளைத்தவர் சின்னக்கருப்பன். கண் மங்கல். ஒரு மதியம் இரண்டாவது கரண்டி போட்டு, "போதுமாய்யா?" என்றேன். தட்டைக் கையால் மூடிவிட்டார். பாண்டியம்மா பக்கம் காதைத் தீட்டினேன். அவள் கேட்கவே இல்லை. "இம்புட்டுத்தானா? இந்தா, பிடிங்க சித்தப்பா" என்று போட்டுக்கொண்டே போனாள்.

மறுநாள் சின்னக்கருப்பனிடமே கேட்டேன், ஏன் தட்டை மூடினீர்கள் என்று.

"பண்ணையில கூலிக்கு நின்னப்பக் கேப்பாக தாயி, போதுமான்னு. போதும்னு நாம சொல்லணும்னுதான் கேப்பாக."

அன்றிலிருந்து போதுமா என்று கேட்பதை விட்டேன். அவள் போடுகிற மாதிரியே போட்டேன். அவளிடமிருந்து எடுத்தது என்று அவளிடம் சொல்லவில்லை. அடுத்த நிறுவையில் என் வரிசை ஏறியது. சின்னக்கருப்பன் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தார். என் கரண்டி என் கையிலேயே இருந்தது. மறுநாளும் அவருக்குக் கேட்காமல் சோறு வைத்தேன். முகத்தைத் தூக்கி, "யாரு, பாண்டியம்மாவா?" என்றார்.

"ஆமா" என்றேன். அவர் நிறையச் சாப்பிட்டார்.

போன மாதம் பாண்டியம்மா மகன் கல்யாணத்துக்குப் போனேன். எனக்கு அவளே பரிமாறினாள். வயிறு நிறைந்த பிறகும் போட்டாள். இலை நிறைந்த பிறகும் போட்டாள். போதும் என்று நானாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. போதுமா என்று யாராவது கேட்பார்களா என்று பந்தியைப் பார்த்துக்கொண்டே தின்றேன்.