மோட்டார் அக்கா

ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, நுனியை மோட்டாரின் உடம்பில் ஊன்றி, இன்னொரு கையை உயர்த்திவிட்டாள் என்றால் அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. குக்கர் விசிலடித்தால்கூட முறைப்பாள். "செத்த சும்மா இருங்க, அது பேசுது" என்பாள். பேசுவது உள்ளே இருக்கும் பேரிங்.

நாலு தெருவுக்கும் அவள் மோட்டார் அக்கா. வயதில் மூத்தவர்களுக்கும் அக்காதான். எந்த வீட்டுக்குப் போனாலும் ரப்பர் செருப்பைக் கழற்ற மாட்டாள். "மரியாதை மனசுல இருக்கட்டும், கரண்டு கால்ல ஏறக் கூடாது." எடுத்த எடுப்பில் எதையும் பிரிக்கவும் மாட்டாள். டாக்டர் மாதிரி கேள்வி கேட்டே ஆளைக் குடைந்துவிடுவாள். பாதிக் கோளாறு மோட்டாரில், மீதி வீட்டு ஆட்களிடம் என்பது அவள் கட்சி.

போன வாரம் ஒரு வீட்டு மாமனார் ஆள் அனுப்பினார். மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியவர், கிணற்றடியில் நின்று குதித்துக்கொண்டிருந்தார். "நான் இல்லாத நேரத்துல மோட்டாரை எரிச்சுட்டா! இனிமே இவ இதைத் தொடவே கூடாது." சுவிட்சின் மேல் டேப்பே ஒட்டியாகிவிட்டது. கல்யாணமாகி வந்து சில மாதமே ஆன மருமகள் சமையலறை வாசலில் முகம் செத்து நின்றாள். இந்தப் பழி இன்று ஒட்டிக்கொண்டால், நாளைக்குத் தட்டு உடைந்தாலும் இவள் தலையில்தான் விடியும். அக்காவுக்கு அது தெரியாதா என்ன?

மெயினை அணைத்துவிட்டு மோட்டார் விசிறியை விரலால் சுற்றினாள். சுற்றியது. மோந்து பார்த்தாள். "எரியல." பம்பின் மூடியைத் திறந்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். ஊற்றியது விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனது.

"தினம் இதுல தண்ணி ஊத்துறது யாரு?"

மாமனார் நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான். ஊத்தாம ஒரு நாளும் சுவிட்ச் போட்டதில்ல."

"மருமககிட்ட சொன்னீங்களா?"

"இதையெல்லாமா சொல்லணும்?"

வேறு ஆளாக இருந்தால் இந்த இடத்தில் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள். அக்கா அவரைக் குழாய்க்குக் கைகொடுக்கச் சொன்னாள். இருவருமாகக் கிணற்றிலிருந்து குழாயை இழுத்தார்கள். குழாயின் அடிமுனையில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு. அதன் வாயில் ஒரு ஓட்டுச் சில்லு சிக்கியிருந்தது. அதை அப்படியே அவர் கையில் கொடுத்தாள்.

"தினமும் ஊத்த வேண்டி வந்தாலே வால்வு கசியுதுன்னு அர்த்தம் ஐயா. நீங்க ஊத்தி ஊத்தித்தான் இத்தனை நாள் மோட்டார் பொழைச்சுது. பம்பு காலியா இருந்தா வெறும் காத்துலதான் சுத்தும், தண்ணி ஏறாது. நீங்க ஊத்துறது அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சில்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். குதிப்பு நின்றுவிட்டது.

வால்வைக் கழுவிக் குழாயை இறக்கி மறுபடி தண்ணீர் ஊற்றினாள். விளிம்பு வரை நின்றது. மாமனார் தானே போய் டேப்பைப் பிய்க்கப் பார்த்தார்.

"ஐயா, கை ஈரம். சுவிட்ச் பக்கம் போகாதீங்க." தன் கைகளையும் விரித்துக் காட்டினாள், சொட்டிக்கொண்டிருந்தன. "என் கையும் ஈரம். காஞ்ச கை இங்க ஒண்ணுதான் இருக்கு" என்று சமையலறை வாசலைப் பார்த்தாள்.

மருமகள் தயங்கித் தயங்கி வந்தாள். மாமனார் ஒதுங்கி வழிவிட்டார். மெயினைப் போட்டு, டேப்பை உரித்து அவள் சுவிட்சைப் போடும்வரை, ஈரக் கைகளை நீட்டியபடியே நின்றாள் அக்கா. அவள் தோளில் காய்ந்த துண்டு ஒன்று கிடந்தது. அதை அவள் எடுக்கவே இல்லை.