கத்தரிக்கோல், குடை, நாற்காலி

தெருவில் அவளுக்குப் பெயர் 'பாஸ் டீச்சர்'. வீட்டு முன்னறையில் முப்பது வருடம் டியூஷன் எடுத்தவள். பள்ளிக்கூடம் கைகழுவிவிட்ட பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து, மண்டையில் ஏறுகிறதோ இல்லையோ, நாக்கில் ஏற்றிவிடுவாள். புரிவது கிரிவதெல்லாம் பரீட்சை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கட்சி. அவளிடம் படித்து ஃபெயிலானவன் என்று ஒருத்தனைக் காட்டுங்கள் பார்ப்போம்.

அப்பேர்ப்பட்டவளின் வீட்டுக்காரருக்கு மறதி வந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற மறதி இல்லை. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய மனிதர், பால் வாங்கப் போய், யார் வீட்டுக்குள்ளோ நுழைந்து சட்டமாக உட்கார்ந்து காபி கேட்டார். அல்சைமர் என்றார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இதற்காகவே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆறு வருடம் எலிகளின் மூளையோடு மாரடித்துவிட்டு, இப்போதுதான் மனிதர்களுக்கு வந்திருந்தார். பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. சேருவதற்கு ஒரு ஞாபகப் பரீட்சை, பிறகு மாதாமாதம் ஒன்று. சேர முப்பதுக்குக் குறைந்தது பத்து வாங்க வேண்டும். மனிதர் பன்னிரண்டு வாங்கிக் கரையேறினார்.

பரீட்சை என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே டீச்சர் நிமிர்ந்துவிட்டாள். சேர்வதற்கே பத்து வேண்டுமென்றால் மாதாமாதமும் பத்து வேண்டும் என்றுதானே அர்த்தம்? குறைந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள், மாத்திரை போய்விடும், மனிதரும் கையைவிட்டுப் போய்விடுவார். இப்படி அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கேள்வித்தாளோ கையிலேயே இருந்தது. டாக்டர் மூன்று வார்த்தை சொல்லுவார்: கத்தரிக்கோல், குடை, நாற்காலி. ஐந்து நிமிடம் வேறு பேச்சு. பிறகு மூன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டாம் மாதமும் அதே மூன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சும்மா விடுவாளா? மறுநாள் காலையிலேயே முன்னறையில் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது.

"சொல்லுங்க."

"கத்தரிக்கோல்."

"அப்புறம்?"

"காபி."

"மூணையும் சொன்னாத்தான் காபி."

நாள், கிழமை, எத்தனையாவது மாடி என்று டாக்டர் கேட்கும் மற்ற எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரி போகும் வழியில் ரிவிஷன். கல்யாணமான நாளிலிருந்து "ஏம்மா!" என்று அதட்டியே கூப்பிட்டவர், இப்போது கைகட்டி "சரிங்க" என்றார். முப்பத்தைந்து வருடத்தில் வாங்காத மரியாதையை மூன்று மாதத்தில் வாங்கிவிட்டேன் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டாள்.

மார்க் பதினைந்தானது, பதினேழானது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

"மத்தவங்க எல்லாரும் இறங்கிட்டே போறாங்கம்மா. இவர் மட்டும் ஏறுறார்! மாத்திரை வேலை செய்யுது போல!"

டீச்சருக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் பதினேழு பதினேழுதானே.

ஐந்தாம் மாதம் வார்த்தைகளை மாற்ற வேண்டும் என்பது ஆராய்ச்சியின் விதி. "பூட்டு, வாழைப்பழம், ரயில்" என்றார் டாக்டர். ஐந்து நிமிடம் கழித்து மாணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

"கத்தரிக்கோல், குடை, நாற்காலி! காபி எங்க?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவரைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

"மார்க் குறைஞ்சா வெட்டிடுவீங்கன்னுதான்…" என்று மென்று விழுங்கினாள் டீச்சர்.

"அந்தப் பத்து சேரும்போது மட்டும்தாம்மா. அப்புறம் யாரையும் வெளியே அனுப்ப மாட்டோம். குறைஞ்சா குறைஞ்சதாவே எனக்குத் தெரியணும். ஏறிடுச்சுன்னு நான் பாட்டுக்கு எழுதிவச்சா, உதவாத மாத்திரையை நாளைக்கு ஊரே முழுங்கும்." டாக்டர் பெருமூச்சு விட்டுப் புதுத் தாளை எடுத்தார். "திரும்ப முதல்லேருந்து. நீங்க வாயே திறக்கக் கூடாது."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் அவளைக் காட்டி அவரிடம் கேட்டார்.

"இவங்க உங்களுக்கு யாரு?"

டீச்சருக்கு உயிர் வந்தது. இதை அவள் சொல்லிக்கொடுக்கவே இல்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இல்லை.

அவர் டாக்டர் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "எங்க டீச்சர். ரொம்பக் கண்டிப்பு. ஆனா நல்லவங்க."

"உங்க மனைவி?"

"அவ எங்கேயோ போயிருக்கா. கொஞ்ச நாளாவே வீட்டுல காணோம்."

முப்பது வருடம் 'டீச்சர்' என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டுப் பூரித்தவள்தான். இன்று அதைக் கேட்டதும் கத்தலாம் போலிருந்தது, அவரைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. பொத்திய கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. "டீச்சர்ங்கறதும் பொய் இல்லையேம்மா. அரை மார்க் போடட்டுமா?"

டீச்சர் கையை எடுத்தாள்.

"வேண்டாம் டாக்டர். தப்புன்னே போடுங்க."