சுப்பம்மாவுக்குக் குழம்பு எரிந்தது

கோட்டூர்புரம் பாலத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி போட்டு மீன்குழம்பும் சோறும் விற்கிறாள் சுப்பம்மா. ஆற்றோரக் குடிசைகளை எடுத்து, வீட்டை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டது அரசாங்கம்; வாடிக்கையை அப்படி மாற்ற முடியாது. விடிகிற நேரத்தில் மருமகள் அன்புக்கரசியோடு பஸ் ஏறி வந்துவிடுவாள்.

அடுப்பு பற்றியதும் சுருக்குப்பையிலிருந்து புகையிலை கிள்ளி இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். குழம்பை ருசி பார்க்கும்போது மட்டும் துப்பி, வாய் கொப்பளித்து, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்குவாள். பிறகு மறுபடி ஒரு கிள்ளு. அந்தச் சட்டியில் வேறு யாரும் ருசி பார்க்கக் கூடாது.

தை மாதத்திலிருந்து குழம்பு அவள் வாயை எரித்தது. மிளகாய்த்தூளைக் குறைத்தாள். அப்படியும் எரிந்தது. இன்னும் குறைத்தாள்.

ஆட்டோ ஓட்டும் லாரன்ஸ் தட்டில் சோற்றைக் கிளறிக்கொண்டே நின்றான்.

"இன்னாக்கா, ஆஸ்பத்திரில படுத்துக்கினு துன்ற மாதிரி கீது."

"நாக்கு செத்தவனுக்கு அப்டித்தான் இருக்கும். துன்ட்டுப் போ."

மறுநாள் அவன் வரவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த மற்றவர்களும் எதிர்ப்பக்கம் பிரியாணி வண்டிக்கு நகர்ந்தார்கள். சோறு மீந்தது. சுப்பம்மா சட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கடைசியில் தூளை ஒரு பையில் கட்டிக்கொண்டு, மருமகளையும் இழுத்துக்கொண்டு, அடையாறு மாவு மில்லுக்குச் சண்டைக்குப் போனாள்.

"எந்த மொளகாயக் கலந்து அரைச்சே? என் பொழப்பே போச்சு."

மில்காரர் கணேசமூர்த்தி தெற்கத்திக்காரர், நிதானம். "எக்கா, நீ கொண்டாந்ததத்தான் உன் கண்ணு முன்னால அரைச்சேன்." ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். "எப்பவும் உள்ள காரந்தான்."

அன்புக்கரசியும் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். சுப்பம்மாவும் போட்டாள். இடது கன்னம் தணலை வைத்ததுபோல் எரிய, கண்ணில் நீர் வழியக் குழாயடிக்கு ஓடினாள்.

"வாயத் தொற, அத்த."

புகையிலை உட்காரும் இடத்தில் பாலாடைபோல் ஒரு வெள்ளைத் திட்டு. அன்புக்கரசி முந்தானை நுனியால் துடைத்தாள். போகவில்லை.

பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கு பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இதப் புற்றுநோய்னு சொல்லலம்மா. ஆனா புகையிலை அடக்குறவங்களுக்கு இப்படி வர்ற திட்டு சிலருக்குப் புற்றா மாறும். நடுவுல செவந்தும் இருக்கு. கொஞ்சம் சதை எடுத்துப் பாத்துடலாம். புகையிலைய இன்னியோட விட்டுடுங்க."

"கொயம்பு ருசி பாக்கலாமா?" அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"புண் ஆறட்டும்."

சதை எடுத்தாயிற்று. முடிவு வியாழக்கிழமை.

இன்று சுருக்குப்பையில் அன்புக்கரசி போட்டுவைத்த கிராம்புதான் இருக்கிறது. சுப்பம்மாவின் கை பைக்குப் போகிறது, திரும்புகிறது. நாக்கு தையலைத் தடவுகிறது. குழம்பு கொதித்தது. கரண்டியை எடுத்தவள் கொஞ்சம் நின்றாள். பிறகு மருமகளைப் பார்த்து, "கைய நீட்டு" என்றாள்.

அன்புக்கரசி நக்கிப் பார்த்தாள். "காரம் பத்தல, அத்த."

தூள் போட்டாள். "இப்போ?"

"இன்னும்."

மறுபடி போட்டாள்.

"இன்னும் போடு, அத்த."

குழம்பின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. எவ்வளவு குறைத்திருக்கிறோம் என்பது சுப்பம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தூள் அள்ளிய சின்னக் கரண்டியை டப்பாவிலேயே விட்டுவிட்டாள்.

"நாளன்னிக்குத்தான வியாழன்?"

காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.