சுமதியின் அண்ணன் போடாத கையெழுத்து

போன ஞாயிற்றுக்கிழமை வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. பி.பி. மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்... கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீஞ்சூரில் எங்கள் பக்கத்து வீடு, சுமதியின் அம்மா வீடு. சுமதி கனடாவில் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வாங்கியவள். கணவரும் ஒரே மகளும் அங்கேதான். அம்மா பக்கவாதம் வந்து படுத்ததும், ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஓடி வந்தாள். அந்த ஒரு மாதம் மூன்று வருடத்துக்கு மேல் இழுத்துவிட்டது! மகள் பெரியவளானதைக்கூட வீடியோ காலில் பார்த்துத்தான் அழுதாள். இப்போது அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று, காரியமும் முடிந்தது. மகளிடம் திரும்ப வேண்டும். பி.ஆர். கார்டோ காலாவதி!

ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது அங்கே இருந்திருக்க வேண்டுமாம். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு மீஞ்சூரில் கிடந்ததெல்லாம் அந்த நாட்டுக் கணக்கில் வெளிநாட்டு வாசம். மனிதாபிமான அடிப்படையில் கேட்டுப் பார்க்க வழி உண்டு என்றார்கள். விண்ணப்பித்தாள். பதிலுக்கு ஒரு கேள்வி வந்தது - தாயைப் பார்த்துக்கொள்ள வேறு உறவினர் இல்லையா? இருந்தால் அவர் ஏன் பார்க்கவில்லை?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவளைப் பார்த்ததற்கு விளக்கமா? அந்த ஆபீசருக்கு அம்மாவே கிடையாதா? வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

சுமதி திட்டவில்லை. "அண்ணன் ஒரு லெட்டர் குடுத்தா போதும்க்கா" என்றாள்.

அண்ணன் இருப்பது பெரியபாளையம் பக்கத்து ஆரணியில். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் வேன்கள் அவருடையவை. அதில் ஒன்று தினமும் எங்கள் தெருமுனையில் நின்று ஆள் ஏற்றும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு நாளாவது வந்ததா? ஊஹூம். சுமதியும் நானும் ஆட்டோவில்தான் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம். ஆனால் அம்மா இறந்த அன்று எல்லா வேனும் வந்தன. கூடவே ஃப்ளெக்ஸ்! அம்மா படத்தைவிட, கைகூப்பி நிற்கும் இவர் படம் பெரிது.

ஞாயிறன்று வந்தார். சுமதி லெட்டரை நீட்டினாள். தொழில் காரணமாகத் தாயைக் கவனிக்க முடியவில்லை, தங்கைதான் பார்த்துக்கொண்டாள் - இவ்வளவுதான் விஷயம்.

"இன்னாம்மா இது? பெத்த தாயைப் பாக்கலன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? ஊர்ல நாலு பேரு இன்னா பேசுவாங்கோ?"

"இது ஊருக்கு இல்லண்ணா. அங்க ஆபீசுக்கு."

"எங்க போனா இன்னா? கொள்ளி வச்சவன் நானு. பாக்காதவனா கொள்ளி வெப்பான்?"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "தம்பி, அவ பொண்ணு அங்க அம்மா இல்லாம கெடக்குது. உள்ளதைத்தானே எழுதச் சொல்றா?"

"நீங்க சும்மா இருங்கக்கா. இது குடும்ப மானம்." பிறகு பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொன்னார் - "ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கினோம்னு எழுதிக்கினு வா. இப்பவே கையெழுத்து போட்டுடறேன்."

அப்படி எழுதினால்? அண்ணன் பார்க்கும்போது உனக்கு அங்கே என்ன வேலை என்று மனுவைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பொறுமையாக எடுத்துச் சொன்னோம். "அதெல்லாம் பேஜாரும்மா" என்றவர், காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மூன்று வருடம் எட்டிப் பார்க்காமல் இருந்தபோது வராத மானம், அதை எழுதச் சொன்னதும் வந்துவிட்டது! எத்தனை வீடுகளில் இந்தக் கூத்து? மகள் மலம் அள்ளுவாள். மகன் மாலை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்பான். நல்ல பிள்ளை என்ற பெயர் யாருக்கு? கேட்கவே வேண்டாம்.

அன்று மாலை சுமதி லேப்டாப்போடு என் வீட்டுக்கு வந்தாள். டாக்டர் கொடுத்த லெட்டர், பிசியோதெரபிஸ்ட் கொடுத்தது, நான் எழுதியது எல்லாவற்றையும் ஏற்றினாள். வேறு உறவினர்? ஓர் அண்ணன், ஒரு மணி நேரத் தூரத்தில். அவர் ஏன் பார்க்கவில்லை? அங்கே கை நின்றுவிட்டது.

"என்னக்கா எழுதறது?"

"மனசுல இருக்கறதை எழுது."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரே வரி அடித்தாள். 'எங்கள் ஊரில் அவரிடம் இதை யாரும் கேட்டதில்லை.' அனுப்பிவிட்டாள்.

பதில் இன்னும் வரவில்லை. அந்த ஆபீசரைத் திட்டினேன் இல்லையா... அதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவராவது கேட்டாரே!