என் வேடத்தில் கனகம்

கனகம் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் கொடைக்கானல் பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் காதர் பாய். காலை பத்து மணி இருக்கும். கோதுமை மாவை நிறுத்துக்கொண்டிருந்தவர் கடைக்குள் மாட்டியிருந்த டிவியை நிமிர்ந்து பார்த்தார். தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஜெசிந்தாம்மா, இது ஒங்க கூட்டாளிதானே? நெஞ்சு வலியாம்மா. பெரும்பாறையில வீட்டுலயே போயிட்டாங்களாம்."

திரையின் அடியில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. நாட்டின் சிறந்த நடிகை விருது பெற்ற கனகம் காலமானார் என்று. மேலே, டில்லியில் விருது வாங்கும் இருபத்து மூன்று வயதுக் கனகம்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். நான் செத்தால் இப்படி ஒரு வரி ஓடாது என்றுதான் தோன்றியது. அழுகை வர வீடு போய்ச் சேரும் நேரம் ஆயிற்று.

அவளுடைய நினைவுக் கூட்டத்தில் வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டார்கள். தோழி என்பதால் கேட்டிருக்கிறார்கள். தோழிதான். ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாக அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட தோழி. அதை மறைத்துவிட்டு எழுதினால் எனக்கு எழுத ஒன்றுமே மிஞ்சாது. அவளை மரியாதையாக 'அவர்' என்று எழுதவும் கை வரவில்லை. எங்களுக்கு ஒரே வயது. அவளை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலில் மிஷன் பள்ளி ஒன்றில் என் அப்பா கிளார்க். அந்தப் பள்ளியில் நாடகம் போடாத வருடம் கிடையாது, நான் நடிக்காத நாடகமும் கிடையாது. மதுரையில் கல்லூரிக்குப் போன பிறகும் மேடையை விடவில்லை. ஆகவே மலைத்தோட்டத்துக் கதையைப் படமாக்க வந்த இயக்குநர் ஒருவர் உள்ளூர்ப் பெண்ணாகத் தேடியபோது என்னைத் தேர்ந்தெடுத்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. எனக்கும் இல்லை. காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஓர் இளம் விதவையின் வேடம். கதை முழுவதும் அவள்தான்.

ஸ்வெட்டரும் ஷூவுமாக வளர்ந்த எனக்குக் காப்பிப் பழம் பறிக்கத் தெரியாது. பழகிக்கொள்வதற்காகப் பெரும்பாறைக்குக் கூட்டிப் போனார்கள். எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு தோட்டத்தில் நிறுத்திய பெண்தான் கனகம். அவளுடைய குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. அம்மாவும் தங்கை ராணியும் அவளும் கூலிக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீடு ஒன்றில் இருந்தார்கள். என்னிடம் முதல் இரண்டு நாளும் அவள் அதிகம் பேசவில்லை. நான் வசனத்தைச் சொல்லிப் பார்க்கும்போது மட்டும் பறிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

மூன்றாம் நாள் ஒரு செடியைக் காட்டி, "இதுல நின்னு பறி" என்றாள். நான் ஒரு கொப்பை வளைத்தேன். அது மளுக்கென்று ஒடிந்தது. இயக்குநர் பத்தடி தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். கனகம் இடுப்பில் கட்டிய சாக்கோடு திரும்பினாள்.

"ஏம்மா, கண்ணு எங்க கெடக்கு ஒனக்கு? செவந்த பழத்தப் பறின்னா செடியையே பறிக்கிற? அடுத்த வருசம் தொர வந்து பழம் எங்கடின்னா ஒன் கொண்டையிலயா காட்டுறது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒடிந்த கொப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதிலிருந்த பச்சைக் காய்களை ஒரு முறை தடவினாள். பிறகு அதைச் சாக்குக்குள் செருகிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விட்டாள். இயக்குநர் கையிலிருந்த டீயை மறந்துபோனார்.

இரண்டே நாளில் என் வேடம் அவளுக்குப் போயிற்று. எனக்குத் தோட்ட மேனேஜருடைய மைத்துனி வேடம் கொடுத்தார்கள். இரண்டு காட்சிகள். அதில் ஒன்றைப் படத்தொகுப்பில் வெட்டிவிட்டார்கள்.

படம் வந்தது. எல்லோரும் கனகத்தைப் பற்றியே பேசினார்கள். நான் எல்லோரிடமும் ஒன்றையே சொன்னேன். "அவ எங்க நடிச்சா? தோட்டத்துல எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தா. அதிர்ஷ்டம்." இந்த நினைப்புதான் வெகுகாலம் என்னைத் தாங்கியது. நான் கற்றுக்கொண்டவள், அவள் அகப்பட்டவள் என்பது அதன் பொருள்.

விருது அறிவித்தபோது அவள் கொடைக்கானலுக்கு என் வீடு தேடி வந்தாள். "ஜெசி, டில்லிக்குக் கட்டிக்கிட்டுப் போக நல்ல சேல இல்ல. ஒங்கிட்ட இருக்கா?" என்று கேட்டாள். என் அம்மா உள்ளே போய் எனக்கென்று எடுத்து வைத்திருந்த நீலப் பட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். எல்லாப் பத்திரிகையிலும் வந்த அந்தப் படத்தில் கனகம் கட்டியிருப்பது என் சேலை. திரும்பி வந்து துவைத்து மடித்துக் கொடுத்தாள். நான் அதைப் பிறகு கட்டவே இல்லை.

அவள் சென்னைக்குப் போனாள். ஒரு வருடம் கழித்து நானும் போனேன். எனக்கு முகம் காட்டும் வாய்ப்பு வரவில்லை. குரல் நன்றாக இருக்கிறது என்று டப்பிங் பேசக் கூப்பிட்டார்கள்.

விருது வாங்கியவளுக்கு வரிசையாகப் படங்கள் வந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் வெந்துகொண்டிருந்தேன். வந்தவை எல்லாம் அதே வேடம். தோட்டத்துக்குப் பதில் செங்கல் சூளை, உப்பளம். எல்லாவற்றிலும் புருஷன் சாவான், இவள் அழுவாள். நகைச்சுவைப் படம் ஒன்றுக்குத் தானாகவே போய்க் கேட்டிருக்கிறாள். "நீங்க அவார்டு ஆர்ட்டிஸ்ட்டும்மா, இதெல்லாம் ஒங்களுக்குக் கொறச்சல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "நல்லா அழுறவளுக்குச் சிரிக்க வராதுன்னு இவுங்களா முடிவு பண்ணிக்கிறாங்க ஜெசி" என்று என்னிடம் சொன்னாள். இன்னொரு நாள், "வீட்டுக்கு வர்றவுங்க எல்லாம் அவார்டைத்தான் பாக்க வர்றாங்க. அத எடுத்துப் பீரோவுக்குள்ள வச்சதும் வெரசா கெளம்பிடுறாங்க" என்றாள். நான் வருத்தப்பட்டதுபோல் தலையாட்டினேன். அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகச் சாப்பிட்டேன்.

பிறகு அவளுக்கு ஒரு பெரிய வணிகப் படம் அமைந்தது. பணக்கார வீட்டு மருமகள் வேடம். அவளுடைய பேச்சு அதற்கு ஒத்துவராது என்று வேறு குரல் போட முடிவு செய்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். இருட்டு அறையில் உட்கார்ந்து திரையில் அவள் உதடு அசைவதைப் பார்த்து நான் பேசினேன். அதிலிருந்து ஏழு படங்களில் கனகத்துக்கு நான்தான் குரல். ஒரு பேய்ப் படமும் அதில் உண்டு. ஒரு முறை ஸ்டுடியோவுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும், "என் மூஞ்சிக்கு ஒன் குரல் நல்லாத்தான் இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நானும் பார்த்தேன். போய்த் தோளைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை.

இனி எழுதப் போவதை அவளைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை.

என்னைப் பெரும்பாறைக்குக் கூட்டிப்போன அந்த இயக்குநர் பல வருடம் கழித்து மறுபடி மலைக்கதை ஒன்றை எடுக்கத் தொடங்கினார். நடு வயது தாய்தான் முக்கிய வேடம். குரலை அங்கேயே நேரடியாகப் பதிவு செய்யப் போவதாகச் சொன்னார். கனகம் அப்போது டிவி தொடர்களில் மாமியாராக வந்துகொண்டிருந்தாள். ஒரு தொடரில் அவளைப் பாதியிலேயே சாகடித்து, சுவரில் படமாக மாட்டிவிட்டார்கள். "ஆறு மாசம் மாலையோட தொங்குனேன் ஜெசி. நான் நடிச்சதுலயே அதுதான் நல்ல நடிப்புன்னு பேசிக்கிறாங்க" என்பாள்.

இயக்குநர் எனக்குப் போன் செய்தார். "ஜெசிந்தா, நீதான் அவ குரலை அறிஞ்சவ. கனகம் இப்பப் பழைய மாதிரி பேசுவாளா? பட்டணத்துப் பேச்சு ஒட்டிக்கிச்சுன்னு சொல்றாங்களே?"

அதற்கு முந்தின நாள்தான் கனகம் என்னோடு அரை மணி நேரம் போனில் பேசியிருந்தாள். தோட்டத்தில் நின்று என்னைத் திட்டிய நாளில் எப்படிப் பேசினாளோ அதே பேச்சு. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"மாறிப்போச்சு சார்" என்றேன் நான்.

வேடம் வேறொருத்திக்குப் போயிற்று. அந்தப் படமும் விருது வாங்கியது. அடுத்த வருடம் கனகம் சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெரும்பாறைக்கே திரும்பிவிட்டாள்.

அதன் பிறகும் அவள் ஒன்று செய்தாள். புதிதாக வந்த ஓர் இளைஞர் எடுத்த சின்னப் படத்தில், மலைக்காட்டில் தேன் எடுக்கும் பெண்ணாக எட்டு நிமிடம் வந்தாள். வசனமே கிடையாது. மகன் வேலைக்கென்று மலையிறங்கிப் போகிறான், அவள் பாறைமேல் உட்கார்ந்து பார்க்கிறாள். நான் வத்தலக்குண்டில் அரைவாசி காலியான தியேட்டரில் அதைப் பார்த்தேன். என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்த எட்டு நிமிடத்தில் நான் பேசுவதற்கு ஒரு சொல்கூட அவள் விட்டுவைக்கவில்லை. படம் ஒரு வாரம் ஓடியது.

நானும் கொடைக்கானலுக்குத் திரும்பிவிட்டேன். இரண்டு வருடங்களுக்கு முன் இங்குள்ள சில சினிமா ஆர்வலர்கள் கனகத்துக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். அறிமுகம் செய்து பேச என்னைக் கேட்டார்கள். வாழ்த்துகளை அழகாகப் பேசினேன், தொழில் அதுதானே. விழா முடிந்து மதியம் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வெளியே மூடுபனி ஜன்னலை அடைத்து நின்றது. அவள் கால்களைச் சோபாமேல் மடக்கி உட்கார்ந்து டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். மேடையில் அத்தனை பொய் பேசிவிட்டு வந்து அவள் எதிரே சும்மா உட்கார முடியவில்லை. இயக்குநரிடம் நான் சொன்ன அந்த ஒரு வரியை அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரியும் ஜெசி. அந்தப் படம் வந்தப்பவே அவரு சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா எங்கூடப் பேசிக்கிட்டு இருந்த?"

"ரெண்டு மாசம் ஒன் போனை எடுக்கலல்ல? காய்ச்சல்னு சொன்னேனே, அது கோவம். அப்புறம் பேசாம என்ன செய்ய? சினிமாவப் பத்திக் கதைக்கணும்னா எனக்கு வேற யாரு இருக்கா?"

டம்ளரை எடுத்து மறுபடி குடிக்கத் தொடங்கினாள். பிறகு, "நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அன்னிக்குத் தோட்டத்துல கொப்பு ஒடிஞ்சதுக்கு ஒன்னைய ஏசுனேன்ல. நாங்க பறிக்கையில ஒரு நாளைக்குப் பத்து கொப்பு ஒடியும். யாரு கேக்குறா? அவரு பாத்துக்கிட்டு நிக்கிறாருன்னு தெரிஞ்சேதான் ஏசுனேன். நீ சொல்ற வசனத்தையெல்லாம் கேட்டு, வீட்டுக்குப் போயி ராணிகிட்டச் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். எனக்கும் அந்த வேசம் வேணும்னு இருந்துச்சு."

"ஒடியும்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எந்தக் கொப்பு விரிசல் விட்டுக் கெடக்குன்னு எனக்குத் தெரியாதா? அந்தச் செடியில ஒன்னைய நிறுத்துனதே நான்தான?"

"அந்தக் கொப்பத் தடவிப் பாத்தியே, சாக்குல வச்சியே?"

"அதுவும் யோசிச்சு வச்சதுதான்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் வாழ்க்கையையே தட்டிப் பறித்தவள் டீ குடித்துக்கொண்டு அதைச் சொல்கிறாள். ஆனால் கோபம் வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. அவள் நடித்திருக்கிறாள். கேமரா இல்லை, மேடை இல்லை, யாரும் கற்றுத்தரவில்லை. இருபத்திரண்டு வயதில், மேடை பழகிய என்னைத் துணைப் பாத்திரமாக நிறுத்தி, அவளே கதை வசனம் எழுதி, ஒரே தடவையில் நடித்து முடித்திருக்கிறாள். நான் நம்பினேன். எல்லோரும் நம்பினோம். அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சொல்லி நான் பிழைத்திருந்த அத்தனை வருடமும் ஒரு நிமிடத்தில் போய்விட்டது. அவள்மேல் எனக்கு இருந்த பொறாமை அதுவரை ஒன்றுமே இல்லை. அன்று மதியம்தான் அது முழுசாக ஆனது.

வெகுநேரம் கழித்து இருவரும் சிரித்தோம். யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை.

அதற்குப் பிறகுதான் நாங்கள் சரியான தோழிகள் ஆனோம். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் பேசுவோம். டிவியில் யாராவது நன்றாக நடித்துவிட்டால் உடனே போன் வரும். "பாத்தியா? வயிறு எரியுதுல்ல?" என்பாள். "எரியுது" என்பேன். "எனக்குந்தான்" என்பாள்.

அடக்கத்துக்குப் பெரும்பாறை போனேன். சினிமாக்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பழம் பறிக்கும் பெண்கள் அன்று வேலைக்குப் போகாமல் வந்து நின்றார்கள். ராணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா ஒங்க நடிப்ப எப்பவும் சொல்லிக்கிட்டே இருக்கும். 'ஜெசி மாதிரி வசனத்த வெள்ளமாப் பேச எனக்கு வரலடி'ன்னு. ஒங்க மேல அதுக்கு அவ்வளவு பொறாம" என்று அழுதாள். அதைக் கேட்க முப்பது வருடம் காத்திருந்தவள் நான். கேட்டபோது அதனால் ஒரு பயனும் இல்லை.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது போனில் அவள் கடைசியாக அனுப்பிய குரல்செய்தி ஒன்றுதான். அரை நிமிடம்கூட இல்லை. "ஜெசி, பண்ணைக்காட்டு பஸ்ஸுல ஒரு பை ஆரஞ்சு குடுத்துவிட்டிருக்கேன். கண்டக்டர்ட்டச் சொல்லியிருக்கு. வெள்ளனே போயி வாங்கிக்க. பேசிக்கிட்டே நின்னு விட்டுறாத." அவ்வளவுதான்.

ஏழு படங்களில் அவள் முகத்துக்குப் பேசியவள் நான். இந்த அரை நிமிடத்தை மட்டும் ஒரு முறையாவது அவளைப் போலவே பேசிவிட வேண்டும் என்று தினமும் கதவைச் சாத்திக்கொண்டு முயல்கிறேன். 'ஜெசி' என்ற முதல் சொல்லே எனக்கு இன்னும் வரவில்லை.