தீப்பட்ட கழுத்துக்கு ஒரு தாலி

கட்டு மாற்ற வருகிறவரைக் கண்டு மகிழ்ந்த நோயாளி இதுவரை பிறக்கவில்லை. டிரெசர் வேலை பார்த்த அன்பர்களே, இது உங்களுக்கும் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் மலாய் நாட்டில், காஜா பெராங் என்ற ஊரின் ஒரு சிறு மருந்தகத்தில் நான் அந்த வேலையில் இருந்தேன். பழைய கைலிகளைக் கிழித்து வேகவைத்தால் கட்டுத்துணி, தேங்காயெண்ணெய்தான் மருந்து.

வாழையிலைப் படுக்கை

மண்ணெண்ணெய் கிடைக்காததால் ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயை விளக்கில் ஊற்றினார்கள். அது வெடித்து, மாட்டுவண்டிக்கார வீரய்யாவின் மனைவி தங்கத்துக்குக் கன்னமும் கழுத்தும் மார்பும் வெந்துபோயின. வாழையிலை பரப்பி அவளைக் கிடத்தினோம். கழுத்து வீங்க வீங்க, தாலிக்கயிறு சதைக்குள் இறங்கி மூச்சை நெருக்கியது. கத்தரித்தேன். தாலியை இலைத் துண்டில் மடித்து வீரய்யாவின் கையில் கொடுத்தேன். அவனுடைய தாயார் மருமகளைப் பார்க்கவில்லை. என் கத்தரிக்கோலையே பார்த்தார்.

“புருஷன் கல்லு மாதிரி நிக்கிறான். அதுக்குள்ள இவள அறுத்தவளா ஆக்கிட்டீங்களே, டிரெசர்.”

உயரே ஒரு வெற்றிலை

கழுத்து வெந்தவர்களுக்குப் புண் ஆறும் காலமும் ஆபத்தானதே. புதுத் தோல் சுருங்கி, மோவாயை மார்போடு இழுத்துவிடும். அதனால் தலையணை தரமாட்டோம். அதற்காக நாம் வாங்கிய சாபங்கள் கொஞ்சமா?

தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சத்தார் வாழும் கம்போங் செட்டியிலிருந்து உதவிக்கு வந்த லெட்சுமிக்குத் தமிழ் வராது. தினமும் காலையில் அவள் ஒரு வெற்றிலையைத் தங்கத்தின் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பாள். மோவாயை உயர்த்தி அதைப் பார்த்தால், வெற்றிலை தங்கத்துக்கு. கண்ணீர் வழிய அவள் பார்த்தாள். குனிந்தே இருப்பவர் தம் காயத்தையன்றி வேறெதைக் காண்பார்? மேலே பார், தங்கச்சி என்று லெட்சுமி தன் மலாயில் சொன்னதை அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் சொன்னதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

“தெங்கோ ஆத்தாஸ், அடெ.”

நகர்ந்துபோன தாம்பாளம்

வீடு திரும்பிய பின்பும் தங்கம் கட்டு மாற்ற வந்துகொண்டிருந்தாள். அண்டை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்ததாக ஒரு நாள் சொன்னாள். குங்குமத் தாம்பாளம் ஒவ்வொரு பெண்ணாகக் கடந்து வந்து, அவளைத் தாண்டி அடுத்தவளிடம் போனதாம். தழும்பைச் சகித்த சபை, வெறுங்கழுத்தைச் சகிக்கவில்லை.

“வெந்த மூஞ்சிய யாரும் ஒண்ணும் சொல்லல, ஐயா. பக்கத்துல புருஷன் உக்காந்திருக்க, என்னய விட்டுட்டுப் போச்சு தட்டு.”

வீரய்யாவின் மடி

மாமியார் வேறு பெண் பார்ப்பதாகக் கேள்விப்பட்டு, வீரய்யாவை அழைத்தேன். கூரை எரிந்த வீட்டை விட்டு ஓடியவன், மழையில் நனைந்தபடி அதன் சுவர்களை நினைத்து அழுத கதையை விரிவாகச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு மடியை அவிழ்த்து, சருகாகிப்போன அந்த இலைப் பொட்டலத்தை எடுத்தான். என் உபதேசம் வீண். அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு டிரெசரின் பதில்.

“கயிறு உரசினா புண்ணு மறுபடி வெடிக்குமா? அதுக்குத்தான் பயந்துகிட்டு இருக்கேன்.”

மஞ்சள் நனைத்த துணி

வெந்து மிருதுவான கட்டுத்துணியிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்தேன். லெட்சுமி அதைத் திரித்து மஞ்சளில் நனைத்தாள். கட்டு மாற்றும் அறையில், யாரும் வெற்றிலை காட்டாமலேயே தங்கம் மோவாயை உயர்த்தினாள். வீரய்யா பொட்டலத்துத் தாலியை அதில் கோத்துக் கட்டினான். அவன் தாயார் வரவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குள் அவனைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துப் போனார்கள். பிறகு, அவன் காய்ச்சலில் போய்விட்டதாகச் செய்தி மட்டும் வந்தது. முறைப்படி தாலியைக் கழற்றி வாங்கப் பெண்கள் கூடியபோது நானும் வாசலில் நின்றேன். தங்கம் குனியவில்லை. அந்தச் சுருங்கிய கழுத்து எவ்வளவு நிமிருமோ, அவ்வளவு நிமிர்த்தினாள்.

“அவரு இருக்கும்போதே ஒரு தடவ அறுத்தாச்சு. இது அவரு பயந்து பயந்து கட்டினது. யாரும் கை வைக்காதீங்க.”

சோப்புக்கே தட்டுப்பாடாக இருந்த அந்தக் காலத்திலும், புண் ஆறியதும் நோயாளியைக் கைகழுவிவிடுவதில் மட்டும் நம் தொழிலில் எவருக்கும் குறை இருந்ததில்லை, அன்பர்களே.